வாசலில் ஆள் வந்திருக்கிறார்

தியேட்டரில் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால், "எத்தனை படம் பார்த்திருப்பீங்க?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். ஒழுங்காகப் பார்த்தது மிகக் கொஞ்சம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். என்னுடையது திரைக்கு முதுகைக் காட்டி நிற்கிற வேலை. வசனம் காதில் விழும், முகம் தெரியாது. கதாநாயகன் எந்தச் சட்டை போட்டு வந்தான் என்று கேட்டால் விழிப்பேன். எந்த வசனத்துக்கு இடப்பக்கத்து முன்வரிசை சிரிக்கும் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்லுவேன்.

கண்டியில் நான் வேலை செய்த தியேட்டரை இப்போது இரண்டு சின்ன மண்டபங்களாகப் பிரித்துக் கட்டியிருக்கிறார்கள். நல்ல வேலைதான். கதிரையில் மூட்டைப்பூச்சி இல்லை, மழைக்கு ஒழுகுவதும் இல்லை. திறப்பு விழாவுக்குப் பழைய ஆள் என்று என்னையும் அழைத்திருந்தார்கள். டிக்கட் கவுண்டரில் இருக்கிற பிள்ளை ஒருத்தி தேத்தண்ணீரைக் கையில் தந்துவிட்டு, "நானா, உள்ளுக்கு இருக்கிற ஆளை அவசரத்துக்கு அந்தக் காலத்தில எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டாள். முஸ்லிம் ஆட்களை இங்கே எல்லோரும் அண்ணன் என்கிற முறையில் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். "ஸ்லைட் போட்டுத்தான்" என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது, எனக்குப் போதவில்லை. வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் இருப்பதால் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் படம் பார்ப்பதே பாவம். நானோ அதில் சம்பளம் வாங்கினேன். "மகன் டவுனில ஒரு ஒபிஸில ஈக்கிறார்" என்றுதான் உம்மா அயலாரிடம் சொல்லி வைத்திருந்தா. வாப்பா கடைசிவரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டிக்கட் கிழிப்பதில் தொடங்கினேன். பிறகு டோர்ச் பிடித்தேன், பல்கனிக்குப் பொறுப்பானேன், கடைசியில் சுப்பர்வைசர் ஆனேன். அந்த வருடங்களில் நான் படித்தது இருட்டில் யாருடைய காலையும் மிதிக்காமல் நடப்பது ஒன்றைத்தான்.

மற்றதெல்லாம் மனேஜர் கனகசபை சேரிடம் படித்தது. யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. சத்தம் போட்டு யாரையும் ஏசமாட்டார். ஏசினால் பரவாயில்லை என்று நினைக்கும் அளவுக்கு அமைதியாகப் பேசுவார். ஒவ்வொரு காட்சியும் முடிகிற நேரத்தில் வாசல் திரைச்சீலைக்குப் பக்கத்தில் வந்து நின்று, வெளியே வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். பேப்பரில் வரும் விமர்சனத்தை அவர் படித்ததே இல்லை.

"நசீர், நீர் படத்தைப் பார்க்கிறீரோ, சனத்தைப் பார்க்கிறீரோ?" என்று சேர்ந்த புதிதில் என்னைக் கேட்டார்.

"படத்தைத்தான் சேர்" என்று உண்மையைச் சொன்னேன்.

"படம் நாளைக்கும் இதே படம்தான். சனம் நாளைக்கு வேற சனம். சனத்தைப் பாரும்."

அன்றைக்குத் திரும்பிய முதுகு, ஓய்வு பெறும் வரை அப்படியேதான் இருந்தது.

ஸ்லைட் என்பது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு கண்ணாடித் துண்டு. அதை விளக்குப் புகையில் காட்டிக் கரி பிடிக்க வைத்து, ஊசியால் எழுத்துகளைக் கீறுவோம். படம் ஓட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் இதற்கென்று சின்ன விளக்குப் பெட்டி ஒன்று இருக்கும். கண்ணாடியை அதற்குள் செருகினால், ஓடுகிற படத்தின் அடியில் வெள்ளை எழுத்துத் தெரியும். இன்ன ஊர் இன்னாருக்கு வாசலில் ஆள் வந்திருக்கிறார். அவ்வளவுதான் எழுதுவோம். விசயத்தை ஒருநாளும் எழுதக் கூடாது. பிள்ளை பிறந்தாலும், ஆள் மௌத்தானாலும், வீட்டில் கள்ளன் புகுந்தாலும் அதே வசனம்தான்.

அதிலும் சேருக்குச் சில ஒழுங்குகள் இருந்தன. செய்தி கொண்டு வந்தவரை அலுவலக அறையில் இருத்தி விசாரிக்காமல் கண்ணாடியைத் தொடக் கூடாது. திரையில் யாராவது அழும்போதோ சிரிக்கும்போதோ ஸ்லைட் போடக் கூடாது. "படத்தில ஆரும் பஸ்ஸிலயோ காரிலயோ போகேக்க போடும். அந்த நேரம் சனத்தின்ர மனமும் கொஞ்சம் தளர்ந்து இருக்கும்" என்பார். எழும்பி வருகிறவரைப் படியில் வைத்து ஒன்றும் சொல்லக் கூடாது. அறைக்குக் கூட்டிப்போய், கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

பெயரை மட்டும் எழுதினால் என்ன ஆகும் என்பதை நானே ஒருமுறை கண்டுபிடித்தேன். "அக்குறணை பாத்திமா" என்று போட்டுவிட்டேன். பல்கனியில் பாதி எழும்பி நின்றது. அதற்குப் பிறகு கணவன் பெயரோ தகப்பன் பெயரோ சேர்க்காமல் எழுதியதில்லை. சேர் அன்றைக்கு ஏசவில்லை. "எங்கட தியேட்டரில இவ்வளவு பாத்திமா இருக்கினம் எண்டு இண்டைக்குத்தான் தெரியும்" என்றார். ஒரு கிழமைக்கு எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

இனி இதை எழுதவைத்த படத்துக்கு வருகிறேன். எல்லோர் கையிலும் போன் வந்துவிட்ட காலம் அது. தமிழ்ப் படம். "குடும்பத்தோடு வந்து பாருங்கள்" என்று சுவரொட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது. தகப்பன் இல்லாத வீடு, ஒரு தாய், ஒரு அண்ணன், ஒரு தங்கச்சி. அண்ணன் தங்கச்சியைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்குப் போகிறான். காதுகுத்துக்கு ஒரு பாட்டு. எதைத் தொட்டாலும் உடைக்கிற ஒரு மாமாவும் உண்டு. இடைவேளைக்குச் சற்று முன்னால் தங்கச்சி தான் விரும்பியவனோடு போய்விடுகிறாள். அண்ணன் வாசலில் நின்று அழுகிறான். பின்பாதியில் குழந்தை பிறக்கும், தாய் மன்னிப்பாள், எல்லோரும் சேர்ந்து நின்று போட்டோ எடுப்பார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் சனம் ரோல்ஸ் வாங்கி உள்ளே போகும்.

பின்பாதியில் அண்ணன் பட்டணத்துக்குப் போய்த் தங்கச்சியைத் தேடிப் பிடிக்கிறான். "அம்மாவுக்கு முடியல. உன்னப் பாக்கணும்னு சொல்றாங்க" என்கிறான். அவள் ஓடி வருகிறாள். வீட்டில் தாய் இல்லை, சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கிறாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. இரத்தம் ஒன்றும் காட்டமாட்டார்கள். கப்பி சுற்றும் சத்தமும் தண்ணீர் சத்தமும் மட்டும்தான். அவ்வளவு நேரம் மாமாவுக்குச் சிரித்த மண்டபத்தில் அந்தக் கணத்தில் ஒரு பிள்ளைகூடச் சிணுங்காது.

வேலை செய்கிறவர்கள் நாங்கள் அந்த இடத்துக்குக் "கிணறு" என்றே பெயர் வைத்திருந்தோம். கிணறு வருவதற்குள் பக்கக் கதவுகளைத் திறந்து வைக்க வேண்டும் என்பது சேரின் கட்டளை, ஏனென்றால் பிள்ளைகளோடு வந்த பெண்கள் பாதியில் எழும்பி வெளியே வருவார்கள். "நசீர் நானா, குடும்பப் படமெண்டு செல்லித்தானே போட்டீங்க?" என்று ஒரு தாய் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டா. நான் அதைச் சேரிடம் சொன்னேன்.

"குடும்பத்துக்குள்ளதானே நடக்குது" என்றார் சேர். "வேற என்னெண்டு சொல்லுறது?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. இடைவேளை முடிந்து சனம் உள்ளே போய் அடங்கிய நேரம். ஒரு வான் வந்து வாசலில் நின்றது. அதிலிருந்து இருபத்தைந்து வயதிருக்கக்கூடிய ஒருவன் இறங்கி வந்தான். சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. டிரைவரைத் தவிர வானுக்குள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்கள் இறங்கவில்லை.

"நானா, ஒரு ஸ்லைட் போடணும். என் தங்கச்சி உள்ள இருக்கு."

"போன் எடுத்துப் பார்க்கல்லையா தம்பி?"

"நம்பர மாத்திட்டா."

எனக்குச் சுருக்கென்றது. போன் வந்த பிறகு ஸ்லைட் கேட்டு வருகிறவர்கள் அபூர்வம். நம்பரை மாற்றிய ஒருத்தியைத் தேடி ஸ்லைட் கேட்டு வந்தவன் அதுவரை ஒருவனும் இல்லை. நம்பரை மாற்றியவள் காணாமல் போனவள் இல்லையே, ஒளிந்திருப்பவள் அல்லவா?

"என்ன விசயம்?"

"அம்மாவுக்கு ரொம்ப முடியலிங்க. தங்கச்சியப் பாக்கணும்னு சொல்றாங்க."

ஒரு நாளைக்கு மூன்று காட்சி. அந்த வசனத்தை ஒரு நாளைக்கு மூன்று தரம் கேட்டுக்கொண்டிருந்த என் காதுக்கு, திரையிலிருந்து ஒருவன் இறங்கி வந்து நிற்பதுபோல இருந்தது. பயந்துவிட்டேன். அதை ஒளிப்பதற்கு இப்போது காரணம் இல்லை.

அவனை வாசலில் இருந்த நீட்டு மர வாங்கில் இருத்திவிட்டுச் சேரிடம் ஓடினேன். சேர் அவனை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னார். கிராம்பைக் கன்னத்தின் மறுபக்கத்துக்கு ஒதுக்கிக்கொண்டு கேட்கத் தொடங்கினார். ஒரே குரல், ஒரே வேகம்.

"எங்க இருந்து வாறீங்கள்?"

"ஹேவாஹெட்டங்க. தேயிலத் தோட்டம்."

"அம்மாவுக்கு என்ன வருத்தம்?"

"ஈரல்ல கட்டிங்க. பெரியாஸ்பத்திரில இருந்துச்சு. இனிமே ஒன்னும் செய்ய ஏலாது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கன்னு முந்தாநாள் அனுப்பிட்டாங்க."

"இப்ப பக்கத்தில ஆர் இருக்கினம்?"

"பெரியம்மா."

"தங்கச்சியைக் கடைசியா எப்ப கண்டனீங்கள்?"

அவன் தலையைக் குனிந்தான். "அவ போயி ஒரு வருசமாச்சுங்க. கடுகண்ணாவைல ஒரு டயர் கடையில வேலை செய்றவனோட. அவன் வேற ஆளுங்க. வீட்டுல ஒத்துக்கல."

"வீட்டில எண்டால் ஆர்?"

தலையை நிமிர்த்தாமல், "நான்தாங்க" என்றான்.

"இஞ்ச இருக்கிறா எண்டு ஆர் சொன்னது?"

"எங்க தோட்டத்துப் பையன் ஒருத்தன் டவுன்ல வேலை செய்றான். அதுங்க ரெண்டும் ஞாயித்துக்கெழமையில படம் பாக்க இங்க வரும்னு சொன்னான். இன்னைக்கும் கண்டுட்டுப் போன் பண்ணினான்."

"வானில இருக்கிறவை?"

"சித்தப்பா மகனுங்க."

சேர் அவனைத் திரும்பவும் வாங்கிலே போய் இருக்கச் சொன்னார். பிறகு கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன நினைக்கிறீர்?"

"பொய் சேர். படத்தில செல்ற மாதிரியே செல்றான்."

"படத்தை விடும். போன கிழமை, இந்தப் படம் ஓடாத நேரம் இவன் வந்திருந்தால் என்ன செய்திருப்பீர்?"

யோசித்துப் பார்த்தேன். "ஸ்லைட் போட்டிருப்பேன்."

"அப்ப படம் ஓடுற கிழமையில தாய்க்கு வருத்தம் வந்தது அவன்ர பிழையோ?"

சேர் ஜன்னலுக்கு வெளியே நின்ற வானைப் பார்த்தபடி சொன்னார்: "பொய்யெண்டால் அந்தப் பிள்ளை போகக் கூடாது. மெய்யெண்டால் போகாமல் இருக்கக் கூடாது. இதில எது எண்டு எங்களால சொல்ல ஏலாது. அவளிட்டைச் சொல்லுவம், அவள் சொல்லட்டும். ஆனால் ஸ்லைட் வேண்டாம். ஸ்லைட் போட்டால் எழும்புற ஆளை வானில இருக்கிறவையும் வந்து பார்ப்பினம். நீர் போய் ஆளைத் தேடும்."

உள்ளே போய்த் திரைக்கு முதுகைக் காட்டி நின்றேன். திரை வெளிச்சத்தில் நூற்றுக்கணக்கான முகங்கள். பெயர் சரஸ்வதி, வீட்டில் சரசு என்று அண்ணன் சொன்னது மட்டும்தான் தெரியும். ஆனால் வாசலில் நின்று சனத்தைப் பார்த்த வருடங்கள் வீண்போகவில்லை. விளக்கு அணையும் வரை சால்வையால் தலையை மூடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டது ஞாபகம் வந்தது. இடைவேளைக்கு அவள் வெளியே வரவில்லை, கணவன் மட்டும் வந்து இரண்டு தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு போனான். பக்கக் கதவுக்கு அடுத்த மூலைக் கதிரைகள். எந்த நேரமும் எழும்பி ஓடக்கூடிய இடத்தில்தான் அவர்கள் இருந்தார்கள்.

கிணறு வருவதற்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அதற்கு முன் அவளை வெளியே கூட்டிவர வேண்டும். அதைப் பார்த்துவிட்டாள் என்றால், பெற்ற தாயே வந்து கூப்பிட்டாலும் போகமாட்டாள். குனிந்து அவளுடைய கணவனின் காதில், "தம்பி, மனேஜர் கூப்பிடுறார், பயப்பட ஒண்டும் இல்ல, ரெண்டு பேரும் பக்கக் கதவால வாங்க" என்றேன்.

டிக்கட் கவுண்டர் அறைக்குள் கொண்டுவந்து விட்டேன். சேர் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அண்ணன் வந்திருப்பது, அம்மாவுக்குக் கடுமை என்று சொன்னது, வானில் இன்னும் இரண்டு பேர் இருப்பது, எல்லாவற்றையும். "மெய்யோ பொய்யோ எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை" என்று முடித்தார்.

கணவன் ராஜேந்திரன் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டான். "போக வேணாம் சரசு. பொய்யி. ஒன்ன என்ன செய்வேன்னு ஒங்கண்ணன் ஆள் விட்டுச் சொன்னது மறந்துருச்சா?"

அவள் அழவில்லை. "அண்ணன் எங்க இருக்காரு?" என்று மட்டும் கேட்டாள். டிக்கட் கொடுக்கிற வளைவுத் துவாரத்தைக் காட்டினேன். அதற்கு நேர் எதிரேதான் வாங்கு. இங்கிருந்து அவன் தெரிவான், அவனுக்கு இங்கே இருப்பவர் தெரியாது. அவள் குனிந்து, துவாரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அம்மா செருப்பு" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. நானும் குனிந்து பார்த்தேன். அவனுடைய காலில் பூப்போட்ட ரப்பர் செருப்பு, பெண்கள் போடுவது. குதிகால் இரண்டும் செருப்புக்கு வெளியே நிலத்தில் கிடந்தன. இவ்வளவு நேரம் அவனை மேலும் கீழும் பார்த்த நானும் சேரும் அதைக் காணவில்லை.

"அம்மா செருப்ப யாரு தொட்டாலும் அம்மா கத்தும்" என்றாள் சரசு. "அது எந்திரிச்சு நடமாடுற மாதிரி இருந்தா அந்தச் செருப்பு அண்ணன் கால்ல இருக்காது. வாசல்ல கெடந்தத மாட்டிக்கிட்டு ஓடி வந்திருக்காரு." அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "நான் போறேன்."

சேர் அண்ணனை உள்ளே கூப்பிட்டார். ராஜேந்திரன் தானும் வருகிறேன் என்றான். அண்ணன் அதற்கு ஒப்பவில்லை. "லயத்துல ஆளுங்க ஒரு மாதிரியா இருக்காங்க சேர், வேணாம்" என்றான். சேர் யாரோடும் வாதாடவில்லை. "அப்ப இப்பிடிச் செய்வம்" என்றார். வானில் வந்த இருவரும் பஸ்ஸில் போக வேண்டும். அவர்களுடைய இடத்தில் நான் போவேன். ராஜேந்திரன் தியேட்டர் போனுக்குப் பக்கத்தில் இருப்பான். "இவர் எங்கட ஆள். பிள்ளை தாயிட்டைப் போய்ச் சேர்ந்ததைக் கண்ணால கண்டு வந்து எனக்குச் சொல்லவேணும்." சித்தப்பா மகன்மார் முகத்தைச் சுளித்தார்கள். அண்ணன் அவர்களைப் பார்த்து, "எறங்குங்கடா" என்றான்.

நாங்கள் வாசலைத் தாண்டும்போது உள்ளே கிணறு வந்துவிட்டது. கப்பிச் சத்தம் திரைச்சீலைக்கு வெளியிலும் கேட்டது. சரசு ஒரு கணம் நின்றாள்.

"ஏன் நானா உள்ள சத்தமே இல்ல?"

"படம் அப்படித்தான் புள்ள" என்றேன்.

வான் தலாத்துஓயாவைத் தாண்டி மேலே ஏறியது. அண்ணன் முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தான், நானும் அவளும் பின்னால். ஒரு வருடமாகப் பேசாதவர்களுக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கடைசியில் அவள் என்னைத்தான் கேட்டாள்: "மிச்சக் கதை என்ன நானா? அண்ணனும் தங்கச்சியும் சேந்துருவாங்களா?"

முன்னால் இருந்தவன் தலையைச் சற்றுத் திருப்பிக் காதைக் கொடுத்தான்.

"நான் முழுசாப் பார்த்ததில்ல புள்ள" என்றேன். முழுப் படத்தையும் முதுகால் பார்த்தவன் சொல்லக்கூடிய பதில் அதுதான். ஆனால் வழியில் வந்த ஒவ்வொரு திருப்பத்திலும், வான் எங்கேயாவது நின்றுவிடுமோ என்று பார்த்துக்கொண்டுதான் போனேன். அல்லாஹ்வைக் கூப்பிட்டுக்கொண்டே போனேன்.

வான் எங்கேயும் நிற்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில், வரிசை வீடுகளாக இருந்த லயத்து வாசலில் நின்றது. வாசலில் சனம் கூடியிருந்ததைப் பார்த்ததுமே செருப்புச் சொன்னது மெய் என்று தெரிந்துவிட்டது. தாய் உள்ளே பாயில் கிடந்தா. உடம்பில் ஒன்றும் இல்லை, கண் மட்டும்தான் இருந்தது. சரசு பக்கத்தில் போய் விழுந்தாள். தாய் அவளுடைய தலையைத் தடவிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டா. பிறகு வாசல் பக்கம் பார்த்து, "மாப்ள வரலியா?" என்றா.

அறைக்குள் இருந்தவர்கள் அத்தனை பேரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் வெளியே போய்த் தண்ணீர்ப் பைப்படியில் நின்றான். நானும் போனேன். என்னிடம் தியேட்டர் நம்பரைக் கேட்டு வாங்கி, போனை எடுத்து அழுத்தினான். அந்தப் பக்கம் ஆள் பேசத் தொடங்கியதும் போனை என்னிடம் நீட்டினான். "நீங்களே சொல்லுங்க நானா. வரச் சொல்லுங்க."

ராஜேந்திரன் கடைசி பஸ்ஸில் வந்து சேர்ந்தான். அடுத்த நாள் மத்தியானம் தாய் போய்விட்டா. நான் திரும்பி வந்து சேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார். "நல்லது" என்று சொல்லிவிட்டு, காட்சி முடிகிற நேரம் ஆகிவிட்டது என்று வாசலுக்குப் போனார்.

அடுத்த வருடம், புதுப் படம் கைக்கு வராத ஒரு வாரத்தில் அதே படத்தைத் திரும்பவும் ஓட்டினோம். சேர் அதற்குள் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் சேர்ந்து வந்தார்கள். சரசு, ராஜேந்திரன், அண்ணன். அண்ணன்தான் டிக்கட் வாங்கினான்.

"அன்னைக்குப் பாதியோட எந்திரிச்சது நானா. மிச்சத்தப் பாக்கணும்னு ஒரே நச்சரிப்பு" என்று சிரித்தான்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, பின்பாதி அவ்வளவு நல்லா இல்ல. வேற படம் வரக்குள்ள வாங்களேன்" என்றேன். அவன் அதைக் காதில் வாங்கவில்லை. அதற்கு மேல் என்ன காரணம் சொல்வது? உள்ளே அனுப்பிவிட்டேன். ஆனால் இடைவேளைக்குப் பிறகு அவர்களுடைய வரிசைக்குப் பக்கத்தில் போய், திரைக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

திரையில் அண்ணன், "அம்மாவுக்கு முடியல. உன்னப் பாக்கணும்னு சொல்றாங்க" என்றான். சரசு சட்டென்று திரும்பித் தன் அண்ணனைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். முழங்கையால் அவனை ஒரு இடி இடித்தாள். எங்கள் கதையை எடுத்துவிட்டார்கள் பார் என்கிற மாதிரி. அவன் திரும்பவில்லை. இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தான். கிணறு வந்தது. சரசு சால்வையால் வாயை மூடிக்கொண்டாள். ராஜேந்திரன் நிலத்தைப் பார்த்தான். அண்ணன் கண்ணை மூடவே இல்லை.

படம் முடிந்து சனம் பேச்சு மூச்சில்லாமல் வெளியே வந்தது. அவர்கள் இருவரையும் பஸ்ஸைப் பார்க்கச் சொல்லி முன்னால் அனுப்பிவிட்டு, அவன் என்னிடம் வந்தான்.

"அன்னைக்கு ஏன் அவ்வளவு கேள்வி கேட்டீங்கன்னு இன்னைக்குத்தான் வெளங்குது நானா."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "மனசுல வெச்சிக்காதீங்க தம்பி. இந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து உங்களையும் பிழையா..."

"பிழையா நெனைக்கலிங்க" என்றான். குரலைத் தாழ்த்தினான். "அதுக்கு ரெண்டு மாசம் முந்தியும் ஒரு ஞாயித்துக்கெழமை நான் வந்தேன். இதே வான்லதான். அந்தா, எதுத்தாப்புல நின்னேன். ஸ்லைட் போடச் சொல்லிக் கேக்கணும், என்னான்னு சொல்லிக் கூப்பிடுறதுன்னு யோசிச்சுக்கிட்டே நின்னேன். அம்மாவுக்கு சீரியஸ்னு சொல்லலாம்னுதான் நெனச்சேன்." கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்தான். "நீங்க வாசல்ல நின்னு ஒவ்வொரு ஆளாப் பாத்துக்கிட்டிருந்தீங்க. கிட்ட வரப் பயமா இருந்துச்சு. திரும்பிப் போயிட்டேன். அன்னைக்கு அம்மா நல்லாத்தான் இருந்தாங்க நானா."

ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து, "அண்ணே, பஸ்ஸு வந்துருச்சு" என்று சரசு கத்தினாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினான். பஸ் நகரத் தொடங்கியிருந்தது. சரசு மிதிபலகையில் நின்று கையை நீட்டினாள். அவன் அந்தக் கையைப் பிடித்து ஏறிக்கொண்டான்.